ஈரல் என்ஸைம்கள் கூறுவதும் கூறாததும்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்திலிருந்து வடக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், மகாகவி குமாரன் ஆசான் வாழ்ந்த தோன்னய்க்கல் என்னும் ஊரில், கேரள அரசாங்கம் வைரஸ் ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவியுள்ளது. வைரஸின் மரபுப்பொருளையே தேடிக் கண்டறியும் முறைகள் இத்தகைய நிலையங்களில் கையாளப்படுகின்றன. ஈரல் நோயை அறியச் சாதாரண இரத்தப் பரிசோதனை போதாதா என்று சிலர் கேட்கலாம். ஹெபடைடிஸ் ஸி என்னும் ஈரல் அழற்சியை ஆராய்ந்தால் இதற்கு விடை கிடைக்கும். இந்தியாவில் 2022-இல் சுமார் 55 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது.

என்ஸைம் அளவு உயர்வதேன்?

ஈரலின் உயிரணுக்களில் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்னும் இரு என்ஸைம்கள் உள்ளன. இவற்றுள் பின்னது இருதயத்திலும் தசைகளிலும் மிகுதியாக உண்டு. உயிரணுக்கள் சிதையும்போது இவை இரத்தத்திற் கசிகின்றன. ஏ.எல்.டி. லிட்டருக்கு ஏறத்தாழ 40 யூனிட் வரை இருப்பதைப் பல சோதனைக்கூடங்கள் இயல்பெனக் கொள்கின்றன.

இந்நோயின் தடயத்தை முதலிற் காட்டியதும் இந்த அளவே. 1970-களில் அமெரிக்காவில் ஹார்வி ஆல்ட்டர் என்பார் இரத்தம் ஏற்றப்பட்டோரை ஆராய்ந்தார். ஏ, பி ஆகிய இரு வைரஸ்களும் காணப்படாத சிலரிடத்தும் ஏ.எல்.டி. உயர்ந்திருந்தது. அதற்குக் காரணமான வைரஸை 1989-இல் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் கண்டறிந்தனர். ஆல்ட்டர், ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவரும் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர்.

அளவின் குறைபாடு

நாட்பட்ட நோயில் இவ்வளவு ஏறியும் இறங்கியும் வரும். நோயாளிகளுள் சுமார் நான்கில் ஒருவருக்கேனும் அது இயல்பாகவே இருந்துவிடுகிறது. புகை காணாத சூளையுள்ளும் கனல் இருக்கலாமன்றோ? அவர்களுள்ளும் சிலருக்கு ஈரலில் வடு பெருகி, ஈரல் சுருக்க நோயாக முடியக்கூடும். ஈரல் சுருங்கியபின் ஏ.எல்.டி. தாழ்வதும், ஏ.எஸ்.டி. அதனை மிஞ்சுவதும் உண்டு. மதுவும், ஈரலிற் சேரும் கொழுப்பும், சில மருந்துகளும் என்ஸைம்களை உயர்த்துமாதலால், உயர்வு மட்டுமே இந்நோய்க்குச் சான்றாகாது.

செய்யவேண்டுவது

முதலில் எதிர்ப்பொருள் பரிசோதனையும், அதில் அறிகுறி தென்பட்டால் வைரஸின் ஆர்.என்.ஏ. பரிசோதனையும் செய்தல் வேண்டும். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஈரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸோபாஸ்புவிர் முதலிய மருந்துகளைப் பெரும்பாலோர் 12 வாரம் உட்கொண்டால் போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர்.

சிகிச்சையின்போது என்ஸைம் அளவு விரைவில் இறங்கிவிடலாம். அதுகண்டு மருந்தை நிறுத்தலாகாது. சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்துச் செய்யும் ஆர்.என்.ஏ. பரிசோதனையே முடிவைக் கூறும்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. ஆகவே, முன்னாளில் இரத்தம் ஏற்றப்பட்டோரும், சுத்திகரிக்கப்படாத ஊசியால் மருந்து செலுத்தப்பட்டோரும், என்ஸைம் அளவு இயல்பாயினும் பரிசோதனைக்கு வருமாறு களப் பணியாளரும் ஆசிரியரும் எடுத்துரைத்தல் வேண்டும்.