செல்போன் டி.வி.க்கு ஆயிரம் பூட்டு! 'ஓசி மேட்ச்' ஆசையில் பேங்க் பணம் 'அம்பேல்'

சென்னை கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயிலில் ஐ.பி.எல். நடக்கும் சாயங்காலம் ஏறிப் பார்த்தால் தெரியும். ஒருவர் கையில் செல்போன், அதை எட்டிப் பார்க்க நாலு தலை! ஒரு காலத்தில் டி.வி. கடை வாசலில் நின்று ஸ்கோர் பார்த்தார்கள். இப்போது மேட்ச்சே உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

ஆனால் சும்மா வரவில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை, 2022-ம் ஆண்டு ரூ.48 ஆயிரத்து 390 கோடிக்கு ஏலம் போனது. இதில் இந்தியத் துணைக்கண்டத்தில் செல்போன், இணையம் வழியாகக் காட்டும் உரிமைக்கு மட்டும் ரூ.20 ஆயிரத்து 500 கோடி. 2023, 2024-ல் இலவசமாகக் காட்டினார்கள். 2025-ல் சந்தா கேட்டார்கள். செல்போனில் மட்டும் பார்க்க 3 மாதத்துக்கு ரூ.149.

இவ்வளவு பணம் கொட்டியவர்கள் கதவைத் திறந்து போடுவார்களா?

பூட்டு எப்படி?

படம் முழுசாக வருவதில்லை. சில வினாடி ஓடும் துண்டுகளாக வெட்டி, ரகசிய எழுத்தாக மாற்றி அனுப்புகிறார்கள். நடுவழியில் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. சந்தா கட்டியவர்தானா என்று கம்பெனி கம்ப்யூட்டர் சரிபார்த்த பிறகே சாவி வரும். ஆண்ட்ராய்டு போனில் இந்தக் காவல்காரன் பெயர் 'வைடுவைன்'. கூகுள் 2010-ல் வாங்கியது. ஐபோனில் 'பேர்பிளே'. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வருவதும் காவல் ஏற்பாடுதான்.

இதிலும் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு உண்டு. 'எல்-1' போனில் பூட்டு திறப்பது சிப்புக்குள் உள்ள தனி அறையில். 'எல்-3' போனில் அந்த அறை கிடையாது. வெறும் சாப்ட்வேர் காவல்தான். அதனால் பல கம்பெனிகள் 'எல்-3' போனுக்குத் தெளிவு குறைந்த படத்தையே தருகின்றன. "புது போன், படம் மங்கலா இருக்கே" என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பவர்கள் இதையும் விசாரிக்கலாம். 2019-ல் ஓர் ஆராய்ச்சியாளர் 'எல்-3' பூட்டை உடைத்துவிட்டதாக அறிவித்து பரபரப்பு உண்டாக்கினார்.

வாசல் வழியே திருடன்

ஆனால் பூட்டை உடைக்க எல்லாருக்கும் மூளை வேண்டுமே! பல ஆசாமிகள் ஒழுங்காக சந்தா கட்டி ராஜபாட்டையில் உள்ளே வருகிறார்கள். திரையில் ஓடுவதை வேறு கருவியில் பிடித்து டெலிகிராமில் கடை விரிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் படத்தை எந்தப் பூட்டு மறைக்கும்?

இதற்கும் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு துண்டையும் இரண்டு ரகமாகத் தயாரிக்கிறார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எந்த சந்தாதாரருக்கு எந்த வரிசையில் போனது என்பது கணக்கில் இருக்கும். திருட்டுப் படத்தை அலசினால், அது கிளம்பிய கணக்கு சிக்கிவிடும். சலவைத் துணியில் போடும் குறி மாதிரிதான்.

சட்டமும் சும்மா இல்லை. பூட்டை உடைத்தால் பதிப்புரிமைச் சட்டம் 65-ஏ பிரிவில் 2 ஆண்டு வரை ஜெயில். திருட்டுத்தனமாகப் படம் காட்டினால் 63-வது பிரிவில் 3 ஆண்டு வரை. இந்த 63-வது பிரிவு, வாரண்ட் இல்லாமல் போலீசார் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 மே மாதம் தீர்ப்பு கூறியது.

மாட்டுவது யார்?

"நூறு ரூபாய்க்கு எல்லா சேனலும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வரும். தட்டினால் 'ஏ.பி.கே.' என்ற பைல் இறங்கும். பிளே ஸ்டோரில் இருக்காது. போட்டதும் "எஸ்.எம்.எஸ். படிக்கலாமா?" என்று கேட்கும். மேட்ச் காட்ட வந்தவனுக்கு எஸ்.எம்.எஸ். எதற்கு? முதல் ஓவர் போய்விடுமே என்ற அவசரத்தில் 'ஓகே' தட்டினால் போச்சு. பேங்க் அனுப்பும் ஓ.டி.பி. நேராக அவன் கைக்கு!

கிரிக்கெட்டுக்கு சிப்புக்குள் தனி அறை கட்டியிருக்கிறார்கள். 149 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போன குமாஸ்தாவின் சம்பளப் பணத்துக்குக் காவல், ஆறு இலக்க ஓ.டி.பி.தான்.

பணம் போனது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். பேங்குக்கும் சொல்லி கணக்கை நிறுத்த வேண்டும். திருட்டு மேட்ச் பார்த்தது தெரிந்துவிடுமோ என்று பயந்து ராத்திரி முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தால், விடிவதற்குள் பணம் பல கணக்கு தாண்டிவிடும்.