வங்கிப் பங்கு வாங்கலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்காகக் கொடுத்த நிலத்துக்கு வந்த இழப்பீடோ, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணமோ கையில் இருந்தால், இந்தப் பக்கத்தில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி (டி.எம்.பி.). டெபாசிட் போட்டுப் பழகியவர்களுக்கு, அதன் பங்கையும் வாங்கினால் என்ன என்ற யோசனை வருவது இயல்பு.

டெபாசிட்டும் பங்கும் ஒரே வங்கியில்தானே இருக்கின்றன, என்ன வித்தியாசம்?

டெபாசிட் போட்டவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். பங்கு வாங்கியவர் வங்கியின் சொந்தக்காரர்களில் ஒருவர். நஷ்டம் வந்தால் முதல் அடி சொந்தக்காரருக்குத்தான். 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட்தாரர்களின் பணம் பத்திரமாக இருந்தது; பங்குதாரர்களின் பங்குகள் மொத்தமாக ரத்தாயின. டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பங்குக்கு அப்படி எதுவும் கிடையாது.

நூறு வருஷத்து வங்கி, நம்ம ஊர் வங்கி. பிறகென்ன பயம்?

லட்சுமி விலாஸ் வங்கிக்கும் இணைக்கப்பட்டபோது வயது 94. அதனால் வயதை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கிய டி.எம்.பி., 2024-25-ல் ஈட்டிய நிகர லாபம் சுமார் 1,180 கோடி ரூபாய். மொத்த வாராக்கடன் ஒன்றேகால் சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. கடனில் பெரும்பகுதி விவசாயிகளுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் கொடுத்தது, நகைக்கடனும் கணிசம். கடன்காரர் கட்டாவிட்டாலும் நகை வங்கியிடம் இருக்கிறது. கணக்கில் குறை சொல்ல அதிகம் இல்லை.

அப்படியானால் விலை ஏன் ஏறவில்லை?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2022 செப்டம்பரில் பங்கு 510 ரூபாய்க்கு வெளியிடப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் அந்த விலைக்குக் கீழேயே கிடந்தது, பல சமயம் ஒரு பங்குக்குரிய நிகர சொத்து மதிப்பைவிடவும் குறைவாக. கடைச் சரக்கு அடக்க விலைக்கும் கீழே கிடைக்கிறது என்றால் மலிவு என்று மகிழ்வதற்கு முன் காரணத்தை விசாரிக்க வேண்டாமா?

காரணங்களில் ஒன்று பழைய பங்குத் தகராறு. 1990-களில் எஸ்ஸார் குழுமம் பெருந்தொகுதிப் பங்குகளை வாங்கியது; நாடார் சமூகத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பங்குகள் பிறகு தொழிலதிபர் சிவசங்கரன் தரப்பு, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் என்று கைமாறின. வழக்குகளும் கூடவே வந்தன. பங்கு வெளியீட்டு ஆவணமே, மொத்தப் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதிக்கும் மேல் வழக்கில் சிக்கியிருப்பதாகச் சொன்னது. 2019-ல் புதுக் கிளை திறக்க ரிசர்வ் வங்கி தடை போட்டதும் வாராக்கடனுக்காக அல்ல, சட்டம் கேட்கும் அளவுக்குப் பங்கு மூலதனம் இல்லை என்பதற்காக. பிறகு தடை நீங்கியது. வாடிக்கையாளர் கவனிக்காத இந்த விஷயங்களைப் பங்குச் சந்தை விலையில் கழித்துக்கொள்கிறது.

கனடாவில் இருக்கும் மகன் அங்குள்ள பெரிய வங்கியின் பங்கை வாங்கச் சொல்கிறான். வாங்கலாமா?

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பேங்க் ஆஃப் மான்ட்ரியல் 1829 முதல் ஆண்டு தவறாமல் டிவிடெண்ட் கொடுத்துவருகிறது. ஆனால் மகனுக்கு நல்லது அப்பாவுக்கும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் வசிப்பவர் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. டிவிடெண்டில் 25 சதவீதம் வரை கனடா அரசு வரியாகப் பிடிக்கும். அதை இங்கே கழித்துக்கொள்ளத் தனிப் படிவம் உண்டு. வெளிநாட்டுச் சொத்தை ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும். சிறு தொகைக்கு இத்தனை அலைச்சல் வீண்.

எவ்வளவு போடலாம்?

ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தில் ஒரு சிறு பங்கை மட்டும். நிலத்துக்கு ஈடாக வந்த பணம் ஒரு முறைதான் வரும். அதில் பெரும்பகுதி டெபாசிட்டிலேயே இருக்கட்டும்.