பதினெட்டு வயதுக்குப் பின்

என் சிற்றன்னையின் மகனுக்கு வயது 16. அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ளவன். அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் சட்டைக்கு நான்தான் பொத்தான் போடுவேன். அதை அன்பு என்றே எண்ணியிருந்தேன், தோழியரே! அவனுடைய சிறப்பாசிரியை ஒருநாள் என் கையைத் தடுத்துவிட்டார்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அதன் பிறகு? 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் இத்தகையோருக்குப் பாதுகாவலரை நியமிக்க மனுச் செய்யலாம். ஆனால் பாதுகாவலர் தினமும் பொத்தான் போட வருவாரா?

ஆகவே ஒவ்வொரு வேலையையும் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், சில வேலைகளைக் கடைசிப் படியிலிருந்தே தொடங்குகிறார்கள்! பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டு, இழுத்து முடிப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுவார்கள். முடித்த மகிழ்ச்சி அவனுடையது. அது பழகியதும் அதற்கு முந்தைய படி.

பணமும் இப்படித்தான். சில்லறை எண்ணத் தெரியவேண்டியதில்லை. விலை 24 ரூபாயா? இரண்டு பத்து ரூபாய்த் தாள், மேலும் ஒன்று. மீதியைக் கேட்டு வாங்கினால் போதும். பேருந்தில் போவதற்கு முதலில் கூடவே செல்வது, பிறகு இரண்டு இருக்கை தள்ளி அமர்வது, பிறகு நிறுத்தத்தில் காத்திருப்பது.

இப்போது பால் வாங்க அவனே போகிறான். சிற்றன்னை வாசலில் நிற்கிறார், பின்னால் போவதில்லை.