பத்துப் பேர் சேர்ந்தால் பலாவுக்கு நல்ல விலை

கடந்த சீசனில் திருச்சியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், சாலையோரக் கடை ஒன்றில் பலாப்பழம் வாங்கினேன். "வடகாட்டுப் பழம் சார், சுளை தேனாட்டம் இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான்கு நாள் வைத்திருந்து அறுத்துப் பார்த்தால், பாதிச் சுளைகள் வெளுத்துப்போய் ரப்பர் போல இருந்தன. முற்றாத காயைப் பறித்திருக்கிறார்கள். அக்கா யாரையும் திட்டவில்லை. "அந்தப் பக்கத்துப் பழம் இனி வேண்டாம் தம்பி, பண்ருட்டிப் பழமே வாங்கிக்கிறோம்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் காய்க்கு உரிய பணம் விவசாயிக்கும் வியாபாரிக்கும் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் ஒரு குடும்பம் நம் ஊர்ப் பழத்தை விட்டுப் போய்விட்டது. வடகாடு, மாங்காடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், புள்ளான்விடுதி பகுதிப் பலா விவசாயிகளே, இந்தக் கணக்கு எந்தக் கமிஷன் மண்டிச் சீட்டிலும் வராது. அடுத்த ஆண்டு விலையில்தான் தெரியும்.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல், ஆலங்குடி வட்டாரத்தில் தென்னையோடு பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. அதன் பிறகு நட்ட ஒட்டுக் கன்றுகள் நான்கைந்து ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்குபவை. விதைக் கன்றுகளுக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். இரண்டு வகையும் சேர்ந்து மகசூல் கூடும் காலம் இது. வரத்து கூடும்போது பழைய முறையிலேயே விற்றால், மே, ஜூன் மாதங்களில் விலை இன்னும் கீழே போகும்.

முற்றாத காய் வண்டி ஏறுவது ஏன்?

இதற்கு வியாபாரியின் பேராசையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் 10 மரங்கள், மரத்துக்கு 30 காய்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 காய்கள். இவை ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆறு வாரங்களில் மாறி மாறி முற்றினால், வாரத்துக்குச் சராசரியாக 50 காய்கள்தான் பறிப்புக்கு வரும். காய் 10 கிலோ என்றாலும் அரை டன்தான். முக்கால் டன் ஏற்றும் குட்டியானை வண்டிகூட நிறையாது.

வண்டி வாடகை, மரம் ஏறுபவர் கூலி, ஏற்றுக்கூலி எல்லாம் கொடுக்கும் வியாபாரி என்ன செய்வார்? வந்ததுதான் வந்தோம் என்று அரைகுறையாக முற்றியதையும் சேர்த்து வெட்டி ஏற்றிவிடுவார். முன்பணம் கொடுத்து மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் என்றால், போட்ட பணத்தைச் சீக்கிரம் எடுக்கும் அவசரமும் சேர்ந்துகொள்ளும். முற்றாத காயைப் பழுக்க வைக்க அடுத்த கட்டமாகக் கார்பைடு கல் வருகிறது. கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன. அது தெரிந்த நுகர்வோர், பலாப்பழம் என்றாலே சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

இதே 10 மரக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் வாரத்துக்கு 500 காய்கள், அதாவது ஐந்து டன். முற்றியதை மட்டும் பறித்தாலும் தினமும் ஒரு வண்டி ஏறக்குறைய நிறையும். முற்றாத காயை வெட்ட வேண்டிய தேவையே இல்லை. ஒற்றுமையின் பலன் பேச்சில் அல்ல, வண்டி வாடகையிலேயே தெரியும்.

நாள் குறித்துப் பறியுங்கள்

முற்றிய காயை அறிய அனுபவம் வேண்டும்தான். அதோடு நாள் கணக்கும் சேர்ந்தால் தவறு குறையும். காய் பிடிக்கும் வாரத்துக்கு ஒரு நிறம் என்று வைத்து, காம்பில் துணி நாடா கட்டுங்கள். முதல் வாரம் சிவப்பு, அடுத்த வாரம் நீலம் என்று கட்டினால் போதும். காய் பிடித்ததிலிருந்து முற்றுவதற்கு நான்கு முதல் ஐந்து மாதங்கள் ஆகும். நாடாவைப் பார்த்தாலே எந்த வாரம் எத்தனை காய் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வாங்குபவருக்கு இந்தத் தகவல் மிகவும் மதிப்புள்ளது.

நாள் வந்த பிறகு அடையாளங்களைச் சரிபாருங்கள். முட்கள் அகன்று முனை மழுங்கியிருக்கும். தட்டினால் மந்தமான, உள்ளே குழியுள்ளது போன்ற ஓசை வரும். காம்பை ஒட்டிய கடைசி இலை மஞ்சளாகும். தோலின் பச்சை நிறம் வெளிறும். இவற்றில் ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

காம்போடு வெட்டி, கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். கீழே போட்டால் அடிபட்ட இடத்தில் அழுகல் தொடங்கும். பால் வடியும்வரை நிழலில் வைத்து, அடியில் வைக்கோல் பரப்பி ஏற்றுங்கள்.

வாங்குபவர் பத்து வகை

பலாவை ஒரே சரக்காக நினைப்பது நாம் செய்யும் பெரிய தவறு. கல்யாணச் சமையல்காரருக்குப் பெரிய பழம் வேண்டும். சுளை உரித்து விற்பவருக்குக் கெட்டியான, ஒரே அளவுச் சுளை வேண்டும். பழத்தின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சுளை என்பதால், 12 கிலோ பழத்தில் நான்கு கிலோ சுளை கிடைக்குமா என்றுதான் அவர் கணக்குப் பார்ப்பார். சிப்ஸ் போடுபவருக்கு முற்றிய, ஆனால் பழுக்காத காய் தேவை. வட இந்தியச் சமையல் செய்யும் உணவகங்கள் பிஞ்சுக் காயைக் காய்கறியாக வாங்குகின்றன. ஒரே கொத்தில் நெருக்கமாகப் பிடிக்கும் பிஞ்சுகளைக் கலைக்கும்போது இவர்களுக்குக் கொடுத்தால், மிஞ்சிய காய்களும் நன்கு பருக்கும்.

நான்கு பேர் உள்ள நகரத்துக் குடும்பத்துக்கு 15 கிலோ பழம் சுமைதான். இந்தத் தேவைக்கு வழி காட்டியது கர்நாடக மாநிலம் துமகூரு மாவட்ட விவசாயி ஒருவரின் தோட்டத்து மரம். அதன் பழம் சராசரியாக இரண்டரைக் கிலோ, சுளை செம்பு நிறம். இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹிரேஹள்ளி நிலையம் அதை ஆராய்ந்து 'சித்து' என்று பெயரிட்டது. கன்று விற்பனை வருமானத்தில் 75 சதவீதம் அந்த விவசாயிக்கே சேரும்படி எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தமும் போட்டது. வாங்குபவர் தேவையைக் கவனித்ததும், பங்கை முன்பே எழுதிக்கொண்டதும்தான் இதில் நமக்குப் பாடம்.

புதிதாக நடுபவர்கள் பாலூர் 1, பாலூர் 2, பேச்சிப்பாறை 1 ஆகிய பல்கலைக்கழக ரகங்களையும் பரிசீலிக்கலாம். உங்கள் தோட்டத்திலேயே சுவையான மரம் இருந்தால் அதிலிருந்து ஒட்டுக் கட்டுங்கள். யாருக்கு விற்கப் போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகு ரகத்தைத் தேர்வு செய்யுங்கள்.

நம்பிக்கைக்கு நான்கு வழிகள்

பால் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் கண் முன்னால் அளந்து, கொழுப்பைச் சோதித்து, புத்தகத்தில் எழுதுகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் தினமும் பால் ஊற்றுகிறோம். பலாவிலும் அதைக் கொண்டுவர முடியும்.

1. எடை. கூட்டத்தின் அகவிலைக்குப் பேசாமல், எடை போட்டு விற்பனை செய்யுங்கள். தராசு எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும்.

2. அடையாள எண். ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் எண் கொடுத்து, காம்பில் சீட்டுக் கட்டுங்கள். முற்றாத காய் வந்தால் யாருடையது என்று தெரியும். மற்ற ஒன்பது பேரின் பெயர் கெடாது.

3. மாற்றுப் பழம். முற்றாத காய் என்று நிரூபணமானால் அடுத்த வண்டியில் மாற்றிக் கொடுப்போம் என்று வாக்குக் கொடுங்கள். வியாபாரிக்கு இதைவிடப் பெரிய பிடிமானம் இல்லை.

4. எழுத்து. விலை எப்படி முடிவாகும், பணம் எத்தனை நாளில் வரும், மழையால் பறிப்பு தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.

இதில் வியாபாரியை ஒதுக்க வேண்டியதில்லை. வண்டியும் சந்தைத் தொடர்பும் அவரிடம் இருக்கின்றன. வாரவாரம் சரக்கு உறுதி என்றால் அவரும் கூடுதல் விலை தர முன்வருவார். அதே நேரம் ஒருவரையே நம்பியும் இருக்கக் கூடாது. 2020 மார்ச் ஊரடங்கில் வண்டிகள் நின்றபோது ஒரே வழியில் விற்றவர்கள் எப்படித் தவித்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வெளியூர் வியாபாரி ஒருவர், உள்ளூர்ச் சுளை விற்பனையாளர் ஒருவர், சிப்ஸ் தயாரிப்பாளர் ஒருவர் என்று மூன்று வழிகளாவது வைத்திருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

சட்டப்படி பத்து விவசாயிகள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யலாம். 2020-ல் மத்திய அரசு அறிவித்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் உதவி பெற, சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் பதிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு சீசன் சேர்ந்து விற்றுப் பார்த்துவிட்டு, ஒத்துப்போகிறவர்களோடு பதிவு செய்வதே நல்லது. பெயருக்குச் சேர்த்த 300 பேரைவிட, காய்க்குக் காம்பில் நாடா கட்டும் பத்துப் பேர் மேல்.

வேளாண், தோட்டக்கலை அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழம் குவிந்த பிறகு மே மாதத்தில் கூட்டம் போட்டுப் பயனில்லை. பிஞ்சு பிடிக்கும் காலத்திலேயே கிராமத்தில் விவசாயிகளையும் வாங்குபவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். சாகுபடி, ஒட்டுக் கட்டுதல், பறிப்புக்குப் பிந்தைய நுட்பங்கள் பற்றி வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலும், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் கேட்டுப் பெறலாம்.

நம் செம்மண்ணில் விளையும் பலாவின் சுவையில் எந்தக் குறையும் இல்லை. அந்தச் சுவை அறுக்கும் ஒவ்வொரு பழத்திலும் இருக்கும் என்ற உறுதியைத்தான் நாம் கொடுக்க வேண்டும். இந்தச் சீசனிலேயே உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒன்பது பேரிடம் பேசிப் பாருங்கள்.

- கட்டுரையாளர், வேளாண் விஞ்ஞானி.