பீனிசமும் அறுவைக்கு முந்திய மருத்துவமும்

மூக்கடைப்பு, முகபாரம், தொண்டையில் இறங்கும் சளி, மணம் அறியாமை ஆகிய அனைத்தையும் 'பீனிசம்' என்னும் ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். மூக்கடைப்போ சளியோ உள்ளிட்ட இவ்வறிகுறிகள் 12 வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, உள்நோக்கியிலோ சி.டி. படத்திலோ அழற்சி புலப்பட்டால்தான் வல்லுநர்கள் அதனை நாட்பட்ட சைனஸ் அழற்சி என்பர். தலைவலி ஒன்றை மட்டும் கொண்டு அம்முடிவுக்கு வருதல் பிழையாகும்.

கன்ன எலும்பினுள் அமைந்த சைனஸ் அறையின் வாயில் அடியில் இல்லை, மேற்புறத்தில் உள்ளது. அங்கே சுரக்கும் சளியை நுண்மயிர்களே மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. அடியில் புதிய துளையிட்டாலும் சளி இயற்கை வாயிலையே நாடிச் செல்வதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகர மருத்துவர் மெஸ்ஸர்க்ளிங்கர் ஆராய்ந்து காட்டினார். ஆகவே, அவ்வாயிலைச் சூழ்ந்த வீக்கத்தைத் தணிப்பதே மருத்துவத்தின் முதல் நோக்கம். பலருக்கு அதற்கு மருந்தே போதுமானது.

முதலாவது, உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். உளூச் செய்கையில் மூக்குக்கு நீர் செலுத்துகிறோமே, அது போதாதா எனச் சிலர் வினவுவர். அது வணக்கத்திற்குரிய தூய்மை. இதுவோ ஒரு நாசியில் விட்ட நீர் மறு நாசி வழியே வழியுமாறு செய்யப்படுவது. கொதிக்கவைத்து ஆறிய நீரையே இதற்குக் கொள்ள வேண்டும்.

அடுத்தது ஸ்டீராய்டு தெளிப்பு மருந்து. தலையைச் சற்றே குனிந்து, குழல்முனையை நடுச்சுவரை நோக்காது வெளிப்புறமாகச் சாய்த்துத் தெளித்தல் வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். நான்கு நாளில் 'பயனில்லை' எனக் கைவிடுவோரே மிகுதி! ஸ்டீராய்டு என்றதும் அஞ்சுவோரும் உளர். தெளிப்பில் உடலுக்குள் சேர்வது மிகக் குறைவே. உண்மையில் அஞ்சத்தக்கது, கடையில் தாமே வாங்கி விட்டுக்கொள்ளும், நொடியில் அடைப்பு நீக்கும் சொட்டுமருந்துதான். ஒரு வாரத்தைக் கடந்தால் அதுவே அடைப்பை வளர்க்கும்.

மூக்கினுள் சதை வளர்ந்திருப்பின் ஸ்டீராய்டு மாத்திரையைச் சில நாட்களுக்கு மட்டும் தருவர். நீரிழிவுடையோர் அதனை முன்னரே மருத்துவரிடம் கூறவேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி எல்லோருக்கும் வேண்டுவதன்று.

இவ்வாறு 8 முதல் 12 வாரங்கள் முறையாகச் செய்தும் குறையாதபோதே பெரும்பாலும் அறுவை பேசப்படும். கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் அடைத்து இரத்தம் கசிந்தாலோ காத்திருத்தல் கூடாது. அறுவை செய்துகொண்டவரும் கழுவுதலையும் தெளிப்பையும் தொடர வேண்டியவரே; முன்பு மருந்து எட்டாத அறைகளுக்கு அறுவை வழிதிறந்து விடுகிறது.