எடோ மொழியின் வினைத்தொடர்

நைஜீரியாவில் ஹவுசா, யொரூபா, இக்போ ஆகிய மூன்றும் பெருமொழிகள். அவற்றின் நிழலில் வாழும் நூற்றுக்கணக்கான மொழிகளுள் ஒன்று எடோ. நாட்டின் தெற்கே, எடோ மாநிலத் தலைநகரான பெனின் நகரமும் அதன் சுற்றுப்புறமும் இதன் தாயகம். அண்டை நாடான பெனின் குடியரசு வேறு, இந்த நகரம் வேறு.

எடோவில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையில் வாக்கியம் அமையும். காலத்தைக் காட்டுவதில் குரலின் ஏற்ற இறக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. 'இ மா' என்பதில் இரண்டு அசையையும் தாழ்த்திச் சொன்னால் 'காட்டுகிறேன்' என்று பொருள். முதல் அசையை உயர்த்தினால் 'காட்டிக்கொண்டிருக்கிறேன்'. இரண்டாவதை உயர்த்தினால் 'காட்டினேன்'. எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை!

மொழியியலாளரைப் பெரிதும் ஈர்த்தது இதன் தொடர்வினை அமைப்பு. 'ஓசோ லே எவாரே ரே' என்றால் 'ஓசோ உணவைச் சமைத்துச் சாப்பிட்டான்'. 'லே' சமைப்பது, 'ரே' உண்பது. இடையே இணைப்புச்சொல் கிடையாது. 'எவாரே', அதாவது உணவு, ஒரே முறைதான் வருகிறது, இரு வினைக்கும் அதுவே செயப்படுபொருள். 'ஓசோ சுவா உயி டே' என்பதோ இன்னும் நுட்பமானது: தள்ளியவன் ஓசோ, விழுந்தவன் உயி.

இம்மொழி பேசுவோர் ஓபா என்னும் பட்டம் கொண்ட மன்னர்கள் ஆண்ட பெனின் பேரரசு மக்களின் வழித்தோன்றல்கள். 1897-இல் பிரிட்டிஷ் படை பெனின் நகரைச் சூறையாடி, அரண்மனையின் பித்தளைச் சிற்பங்களை அள்ளிச் சென்றது. மன்னர் ஓவொன்ராம்வென் கலாபாருக்கு நாடுகடத்தப்பட்டார். பெனின் நகரின் இகுன் தெருவில் பித்தளை வார்ப்புக் கலைஞர்கள் இன்றும் தொழில் செய்கிறார்கள்.