பன்னாட்டு வணிகக் கல்வியில் வட்டி நுழையும் இடம்

பன்னாட்டு வணிகமும் நிதியியலும் பயிற்றும் பட்ட வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா, அது வட்டியைக் கற்கும் படிப்பாயிற்றே என்னும் ஐயம் நம்மவரிடையே எழுவதுண்டு. கடல் வணிகத்தால் வாழ்ந்த காயல்பட்டினத்தார், கீழக்கரையார் வழிவந்தோரிடம் இவ்வையம் எழுவது வியப்பே. எனினும் அதனை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை.

இப்படிப்பின் பெரும்பகுதி வட்டியோடு தொடர்பற்றது. ரிக்கார்டோ 1817இல் வெளியிட்ட ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு, சுங்கவரி ஆகியன அத்தகையன. பாரிஸிலுள்ள பன்னாட்டு வணிகச் சபை 1936இல் முதன்முதலாக வெளியிட்ட இன்கோடெர்ம்ஸ் விதிகளோ, சரக்கின் இழப்புப் பொறுப்பு எவ்விடத்தில் விற்றவரை விட்டு வாங்கியவரைச் சேர்கிறது என வரையறுப்பவை. கைக்கு வராத பொருளை விற்பது பற்றிய ஃபிக்ஹு விவாதங்களைக் கற்றவர்க்கு இப்பாடம் அந்நியமாகத் தோன்றாது.

சிக்கல் தொடங்குவது எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதத்தில்தான். ஆம்பூரிலிருந்து தோல் அனுப்புபவரும் ஹாம்பர்க்கில் அதனை வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியார். வாங்குபவரின் வங்கி இடையில் நின்று, குறித்த ஆவணங்களைக் காட்டினால் தானே பணம் தருவதாக எழுதிக்கொடுக்கிறது. 2007 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள யு.சி.பி. 600 விதிகளின்படி, வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே; சரக்கை அன்று. அவற்றை ஆராய அதற்குள்ள அவகாசம் ஐந்து வங்கி வேலைநாள்கள். (ஓர் எழுத்துப் பிழைக்காகப் பணம் நின்றுபோன கதைகளை ஏற்றுமதியாளர் யாரைக் கேட்டாலும் சொல்வர்.)

ஷரீஅத் நோக்கில் இது வகாலாவும் கஃபாலாவும், அதாவது முகவாண்மையும் பிணையும், கலந்த ஒப்பந்தம். முகவர் கூலி பெறலாம். பிணை நிற்பதற்கு மட்டுமே கூலி பெறுவதைப் பெரும்பாலான ஃபகீஹ்கள் ஏற்கவில்லை. இறக்குமதியாளரிடம் பணமில்லையெனில், இஸ்லாமிய வங்கி சரக்கைத் தானே வாங்கி, இலாபம் சேர்த்து அவருக்கு விற்கும் முராபஹா முறை கையாளப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் சரக்கு அழிந்தால் இழப்பு வங்கியைச் சேரவேண்டும். இப்பொறுப்பு வெறுங்காகிதமாகிவிடின், முராபஹாவுக்கும் வட்டிக்கடனுக்கும் பெயரில்தான் வேறுபாடு இருக்கும்.

வட்டி நேரே நுழையும் இடம் வேறொன்று. தொண்ணூறு நாள் தவணையுள்ள மாற்றுச் சீட்டை ஏற்றுமதியாளர் அன்றே வங்கியிடம் குறைந்த தொகைக்குக் கொடுத்துப் பணம் பெறுகிறார். கடனை இவ்வாறு விற்பதை (பைஉத் தைன்) மலேசிய ஷரீஅத் அவையங்கள் அனுமதித்துள்ளன. வளைகுடா அறிஞருட் பெரும்பான்மையோர் மறுக்கின்றனர். இது புதிய வழக்குமன்று. வழியச்சம் தவிர்க்கும் பொருட்டு ஓரூரில் கொடுத்த பணத்தை வேற்றூரில் பெறும் சுஃப்தஜாச் சீட்டை ஹனஃபிகள் வெறுத்தனர், ஷாஃபிஈகள் விலக்கினர், இப்னு தைமிய்யா ஆகுமென்றார்.

இவ்விரு பக்கங்களையும் ஒருசேரக் கற்பிக்கும் இடங்கள் மிகச் சில. மலேசிய மத்திய வங்கி 2005இல் கோலாலம்பூரில் நிறுவிய இன்செயிஃப் அவற்றுளொன்று. நம்மூர்க் கல்லூரி மாணவர் யு.சி.பி. கற்பர், பைஉத் தைனை அறியார். மத்ரஸா மாணவர் பைஉத் தைனைக் கற்பர், மாற்றுச் சீட்டைக் கண்டிரார். தொண்ணூறு நாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆம்பூர் வணிகர் வழி கேட்டால், ஒருவர் விண்ணப்பப் படிவத்தை நீட்டுகிறார். மற்றவர் ஹராம் என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்.